சிரிக்காத ஹலோ

ஐந்தாவது தடவையும் அந்த "ஹலோ" சிரித்துக்கொண்டேதான் வந்தது. டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"படத்துல மகன் ஆஸ்பத்திரில கெடக்கான்மா. போன் அடிச்சாலே அந்தத் தாய்க்கு ஈரக்குலை நடுங்கும். நீங்க என்னடான்னா பிரிட்ஜ் விக்கிற மாதிரி பேசுறீங்களே!"

அவள் என்ன செய்வாள், பாவம்! பகல் முழுக்க பிரிட்ஜ் கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை. எதிராளி வண்டை வண்டையாகத் திட்டினாலும் குரலில் சிரிப்பு இருந்தாக வேண்டும். வருஷக்கணக்காகச் சிரித்துச் சிரித்து ஆபீஸில் 'தேன்குரல்' என்று பட்டப்பெயரே வாங்கிவிட்டாள். ஆனால் மனசெல்லாம் இந்த டப்பிங் அறையில்தான். சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, கும்பலோடு கும்பலாக "ஐயோ", "பிடி பிடி" என்று கத்திவிட்டு ஓடுவாள். இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு முழுப் பாத்திரம், படம் நெடுக வருகிற அம்மா. அது இந்த ஒற்றைச் சொல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

"நாலு மணிக்கு வேற ஒருத்தங்க வராங்க. அதுக்குள்ள சரியா வந்துச்சுன்னா வாங்க," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டும்போது தொண்டை அடைத்திருந்தது. கைக்கு எட்டியது போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் அழைப்பு வந்தது.

"ஹலோ..."

மறுமுனையில் ஒரு பெரியவர் குரல் கேட்டது.

"என்னம்மா... வீட்ல யாருக்கும் எதுவும் ஆகலையே?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லைங்க ஐயா... எல்லாரும் நல்லாருக்காங்க."

"என் பிரிட்ஜ் கெடக்கட்டும், நாளைக்குப் பேசிக்கிறேன். நீ முதல்ல கொஞ்சம் தண்ணி குடி," என்று வைத்துவிட்டார்.

தண்ணீரா? இந்தத் தொண்டை சரியாகிவிட்டால் அந்த அம்மாவின் ஹலோவுக்கு என்ன கதி! உதட்டை இறுக மூடிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" மேலாளர் எழுந்து வந்தார். "லைன்ல எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க. இப்ப போனா அந்த சீட்ல நாளைக்கு வேற ஆள்தான்."

அவர் சொன்னால் செய்கிறவர். ஆனால் வாயைத் திறந்தால் போச்சு, பழக்கதோஷத்தில் தேன் வழிந்துவிடும். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள், கதவைக் காட்டினாள், கைகூப்பினாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்களேன்மா!"

விளிம்புவரை நிரம்பிய டம்ளரை எடுத்துப் போகிறவளைப்போல, அலுங்காமல் குலுங்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள். பின்னால் அவள் மேசையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.