கிரேன் அறையிலிருந்து ஒரு 'டா'

"டேய், நீ யாருடா எனக்குக் கை காட்ட?"

வாக்கி டாக்கியில் அந்த 'டா'வைக் கேட்டதும் கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரர் சட்டென்று அண்ணாந்து பார்த்தார். மேலே கிரேன் அறையில் இருப்பவர் அவருடைய தங்கையின் கணவர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் 'வாங்க, போங்க' தவிர வேறு பேசியறியாத மனிதர். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். இன்று ஊசியைப் போட்டுவிட்டு, அவசரத்தில் சாப்பிடாமலே ஏறிவிட்டார். புண்ணியவானுக்குச் சர்க்கரை தாறுமாறாக இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டு டன் கம்பிக்கட்டு ஆறாவது மாடியில் அந்தரத்தில் தொங்கியது. அங்கே இரண்டு வேலையாட்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். தப்பிப்பதற்கு இருந்த ஒரே ஏணி அந்தக் கட்டுக்கு நேர்கீழே இருந்தது.

"மாப்ள, உன் பையில ஜூஸ் இருக்கு பாரு. எடுத்துக் குடி."

"மாட்டேன். உன் தங்கச்சி மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத்தான் ஞாயித்துக்கிழமையும் வேலைக்கு வர்றேன், தெரியுமாடா?"

கட்டு ஆடியது. மாடியில் நின்றவர்களில் ஒருவர் அலறினார். கிரேன் அறைக்கு ஏறிப் போகப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் எந்த விசையில் கை வைப்பாரோ! சர்க்கரை இறங்கினால் இந்த மனிதருக்கு முதலில் போவது நிதானம், கடைசிவரை போகாதது வீம்பு. வீட்டில் இரண்டு தடவை இப்படி ஆனதைத் தங்கை சொல்லியிருக்கிறாள். சரி, அந்த வீம்பையே பிடித்துப் பார்ப்போம் என்று துணிந்தார்.

"அப்படின்னா குடிக்காத. அது என் தங்கச்சி எனக்குக் குடுத்துவிட்ட ஜூஸ். தொட்டே, நடக்கிறதே வேற!"

"தொட்டா என்னடா பண்ணுவ?"

மூடி திறந்தது. மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த கால் மணி நேரம் சிக்னல்காரர் கம்பிக்கட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பிறகு மேலேயிருந்து சோர்ந்த குரல் வந்தது.

"மச்சான்... கட்டை எங்க இறக்கணும்? சொல்லுங்க."

'ங்க'வைக் கேட்டதும்தான் அவருக்குத் தைரியம் வந்தது. அங்குலம் அங்குலமாகச் சொல்லிக் கட்டைத் தரையிறக்கினார். வேலையாட்கள் விழுந்தடித்து ஏணியில் இறங்கினார்கள்.

கிரேனிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளையின் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது.

"உங்கள மரியாதையில்லாமப் பேசிட்டேன், மச்சான்."

"விடு மாப்ள. பேசினது நீயா? உன் சுகர்தான பேசிச்சு."

அவர் தலை நிமிரவில்லை.

"எல்லாமே சுகர் இல்ல, மச்சான்" என்றார்.