எலும்பு போடாத குப்பி

கோர்ட்டில் வைத்திருந்த திரையில் தெரிந்ததைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். கண்ணாடியில் செதுக்கிய படகு, சீப்பு, தட்டு. ஒவ்வொன்றிலும் நூல் பிடித்தாற்போல வரிவரியாய்த் துளைகள். டயட்டம் என்று பெயராம். கண்ணுக்குத் தெரியாத பாசி, தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொள்ளுமாம். என் தம்பியை ஆயுளுக்கும் உள்ளே தள்ள வந்த சாட்சி இவ்வளவு அழகாக இருக்குமென்று நான் கண்டேனா?

தம்பியும் அவன் தொழில் கூட்டாளியும் ஏரிக்கரையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், கரையிலேயே உயிர் போய்விட்டது, அப்புறம்தான் சரிவில் உருண்டு தண்ணீருக்குள் போனார் என்கிறான் தம்பி. இவன்தான் உயிரோடு தள்ளி மூழ்கடித்தான் என்கிறது போலீஸ். நடந்ததைப் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. எல்லாம் கூண்டில் நிற்கும் இந்தத் தடயவியல் நிபுணரின் கையில்.

"தண்ணியில மூழ்கறப்ப மூச்சும் இதயத் துடிப்பும் இருந்தாத்தான் இந்தப் பாசி ரத்தத்தோட எலும்பு மஜ்ஜைக்குப் போகும்" என்றார் அவர். "எலும்பை ஆசிட்ல கொதிக்க வைப்போம். மத்ததெல்லாம் கரைஞ்சிடும், இந்த ஓடு கரையாது. ஏரித் தண்ணியில இருக்கிற அதே வகைதான் இறந்தவர் எலும்புலயும் இருக்கு."

எங்கள் வக்கீல் எழுந்தார், கேள்வி இல்லை என்றார், உட்கார்ந்தார். அதற்குள் ஒரு கொட்டாவி வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கோட்டைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்த நீதிபதி அம்மா நிமிர்ந்தார். "எலும்பே போடாம, வெறும் ஆசிட்ட மட்டும் குப்பியில ஊத்தி, இதே மாதிரி கொதிக்க வச்சுப் பாத்தீங்களா?"

"அது எங்க வழக்கத்துல இல்லைங்க மேடம்."

"பாத்துட்டு வந்து சொல்லுங்க. ரெண்டு தரப்பும் கூட இருக்கட்டும்."

அரசு வக்கீல் சிரித்தார். எனக்கும் எரிச்சல்தான். என் தம்பியின் தலை உருளுகிறது, இந்த அம்மா காலிக் குப்பியைக் கொதிக்க வைக்கச் சொல்கிறாரே என்று பொருமிக்கொண்டேதான் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

நிபுணர் எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தினமும் செய்கிற மாதிரியே செய்தார். குப்பியைக் குழாயில் கழுவினார், ஆசிட்டை ஊற்றிக் கொதிக்க வைத்தார், ஆறவிட்டார், அடியில் தங்கியதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். திருகிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. யாரும் கேட்காமலே வேறொரு குப்பியை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு நகர்ந்தார்.

"நீங்களே பாருங்கம்மா."

பார்த்தேன். படகு. சீப்பு. தட்டு.

"எலும்புதான் போடலையே. இது எங்கேருந்து வந்துச்சு?"

குழாயைக் காட்டினார். "ஊருக்கே குடிதண்ணி அந்த ஏரியிலேருந்துதான் வருது. நீங்களும் நானும் தினம் குடிக்கிறதுதான்."

ஏதோ ஒரு குப்பி அழுக்கு என்று அவர் பேச்சை முடித்திருக்கலாம். எங்கள் வக்கீலும் தலையாட்டியிருப்பார். அந்த மனிதரைத் திட்டுவதற்கென்றே வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் என் வாயில் வரவில்லை.

அடுத்த வாய்தாவில் அரசு வக்கீல் மடக்கினார். "அப்போ உங்க ரிப்போர்ட் தப்புங்கிறீங்களா?"

"தப்புன்னும் தெரியாது, சரின்னும் தெரியாது. நான் பாத்தது எலும்புலேருந்து வந்ததா, குழாயிலேருந்து வந்ததான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

அந்த அறிக்கையை விட்டால் போலீஸ் கையில் வேறொன்றும் இல்லை. தம்பியை விடுதலை செய்கிறேன் என்றார் நீதிபதி அம்மா. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நிபுணர் கூண்டை விட்டு இறங்கவில்லை.

"இன்னொண்ணு இருக்குங்க மேடம். இதே குழாயில கழுவின குப்பியை வச்சு முன்னாடி வேற ஒரு கேஸ்லயும் ரிப்போர்ட் குடுத்திருக்கேன். அந்த ஆள் இப்ப ஜெயில்ல இருக்கார்."

ஒரு மனிதர் தன் பிழைப்புக்குத் தானே குழி வெட்டிக்கொள்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கைகூப்ப வேண்டும்போல இருந்தது.

"இன்னைக்கே எழுதிக் குடுங்க" என்றார் நீதிபதி அம்மா.

வெளியே வராந்தாவில் நிபுணர் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. "அந்த ஆள் வீட்டுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லைம்மா. நான்தான் போய்ச் சொல்லணும். அவர் சம்சாரம் என்னைப் பாத்தா கதவையே திறக்க மாட்டாங்க. அப்படியே திறந்தாலும் நம்புவாங்களா?"

விடுதலையாகி வீட்டுச் சோற்றை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத என் தம்பி, நான் பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"நானும் வர்றேன் சார்" என்றான். "என்னைக் காட்டிச் சொல்லுங்க."