மாட்டுக்கொட்டகையில் இரண்டு பேர்

இந்த வருடம் விடப்போவதில்லை என்று ஒனைடா முடிவு செய்துவிட்டாள். எத்தனை காலத்துக்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? வாழைப்பழப் புட்டிங் பாத்திரத்தைக் காரின் முன்சீட்டில் வைத்து, அது சரிந்துவிடாமல் பெல்ட்டையும் மாட்டி, பிரையர் ஃபோர்க் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் தான் பேசப்போவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். "அன்னிக்குக் கொட்டகையில ரெண்டு பேர் இருந்தோம். ஒருத்தி வெர்லீன். இன்னொருத்தி நான்." இவ்வளவுதான். இந்த மூன்று வரியைச் சொல்ல அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

பாடகர் ஹாலிஸ் பர்டைன் செத்துப்போனது ஒரு ஜூன் மாதம். அடுத்த ஜூனிலிருந்து அவருடைய ரசிகர்கள் எல்லாரும் வருடம் ஒருமுறை அவர் பிறந்த ஊரான பிரையர் ஃபோர்க்கில் கூடிவிடுகிறார்கள். தீயணைப்பு வண்டிகளை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் நாற்காலி போட்டு விடுவார்கள். ஒஹாயோவிலிருந்து வருவார்கள், டென்னஸியிலிருந்து வருவார்கள், கென்டக்கியின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வருவார்கள். மூக்கால் பாடுகிறான் என்று நகரத்துக்காரர்கள் கேலி செய்த குரல் அது. இவர்களுக்கோ, கல்யாணத்தில் ஆடியதும் அந்தக் குரலுக்குத்தான், அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து கேட்டதும் அந்தக் குரலைத்தான். ரேடியோவில் அவர் பாட்டு வந்தால் டிராக்டரை வயலிலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய் அவர் மூக்கைப் பற்றிப் பேசினால் உதைதான் கிடைக்கும்.

சாப்பாடு முடிந்ததும் மைக்கை எடுத்து வைப்பார்கள். யாருக்கு ஹாலிஸைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதோ அவர் வந்து சொல்லலாம். அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. ஒருத்தர் சொல்லும்போது இன்னொருத்தர் குறுக்கே பேசக் கூடாது, திருத்தவும் கூடாது. ஆரம்பத்தில் அப்படி விதி எதுவும் இருக்கவில்லை. ஹாலிஸ் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன முதல் பேருந்து பச்சையா நீலமா என்று இரண்டு பெரிய மனிதர்கள் கட்டிப் புரண்டு, ஒருத்தருக்குப் பல் போன பிறகுதான் கூட்டத்தை நடத்தும் கார்லண்ட் இதைக் கொண்டுவந்தான்.

அந்த விதிதான் ஒனைடாவின் வாயை அடைத்தது. வருடாவருடம் வெர்லீன் எழுந்து வருவாள். தலையைச் செட் பண்ணிக்கொண்டு, மைக்கை ஏதோ தன் வீட்டு டெலிபோன் மாதிரி பிடித்துக்கொண்டு, பழைய கதையை எடுத்துவிடுவாள். மாவட்டச் சந்தையில் ஹாலிஸின் கச்சேரி. புயல் வந்து மேடையைப் புரட்டிப்போட, கச்சேரி ரத்து. எல்லாரும் கார்களுக்கு ஓடியாயிற்று. வெர்லீன் மட்டும் மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கி நிற்கிறாள். பரிசுப் போட்டிக்குக் கொண்டுவந்த பசுக்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, கோட்டுக்குள் கிட்டாரை மறைத்துக்கொண்டு ஹாலிஸ் பர்டைனே வருகிறார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மழை விடும்வரை அவளுக்காக, அவள் ஒருத்திக்காக மட்டும் பாடுகிறார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில்கூட வந்துவிட்டது.

எல்லாம் நிஜம்தான். ஒன்றைத் தவிர. ஒனைடா வெர்லீனுக்குப் பக்கத்தில், அதே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சட்டைக் கம்பெனியில் அடுத்தடுத்த தையல் மிஷின். கழுத்துப்பட்டை இவள் தைத்தால் கை அவள் தைப்பாள், மதியச் சாப்பாட்டைப் பாதி பாதி பங்கு போட்டுக்கொள்வார்கள். சந்தைக்குப் போனதே வெர்லீனின் பிக்கப்பில், ஒன்றாகத்தான். ஹாலிஸ் பாட, ஒனைடா கீழ்க்குரலில் சேர்ந்து பாடியிருக்கிறாள். சர்ச்சில் பாடிப் பழகிய குரல், தானாக வந்தது. திரும்பி வரும்போது வண்டியில் வெர்லீன் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைத்துப்போயிருக்கிறாள் என்றுதான் ஒனைடா நினைத்தாள். அடுத்த வாரம் கம்பெனியில், "எனக்கு மட்டும் பாடினாரு" என்று வெர்லீன் சொல்லிக்கொண்டிருப்பதைத் தன் காதாலேயே கேட்டாள். கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டாள், பாவி!

அன்றைக்கே போய்ச் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஒனைடாவுக்கு வாய் வரவில்லை. அவளாக வந்து சொல்லட்டும் என்று இருந்தாள். அவள் வரவில்லை. பேச்சு நின்றது. அப்புறம் ஒனைடா தன் மிஷினை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் பிறந்து, புருஷன்மார்கள் போய்ச் சேர்ந்து, கம்பெனியையும் மூடிவிட்டார்கள். பேச்சு மட்டும் திரும்ப வரவே இல்லை.

ஒனைடா தீயணைப்பு நிலையத்துக்குள் நுழைந்ததும் கார்லண்ட் ஓடிவந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டான்.

"வாங்க ஒனைடாக்கா! புட்டிங் வந்தாச்சு, இனி கூட்டத்தை ஆரம்பிக்கலாம்."

"பல்லு அப்புறம் காட்டலாம். போன்ல சொன்னது ஞாபகம் இருக்கா? மைக் முதல்ல எனக்கு. வெர்லீனுக்கு முன்னாடி."

"இருக்குக்கா, இருக்கு." அவன் குரலை இறக்கினான். "ஆனா விதி தெரியுமில்ல? உங்க கதையை நீங்க சொல்லுங்க. அவங்க கதையில கை வைக்காதீங்க."

"ரெண்டும் ஒரே கதைடா."

கார்லண்ட் பின்னந்தலையைச் சொறிந்தான். "அப்படின்னா... ஒரே ராத்திரிக்கு ரெண்டு கதை இருந்துட்டுப் போகட்டும். ஹாலிஸ் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

சாப்பாட்டு மேஜையில் வறுத்த கோழியும், பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்த பீன்ஸும், ஐஸ் டீ ஜாடிகளும் நிறைந்திருந்தன. மூலையில் ஒருத்தர் ஸ்டீல் கிட்டாரை மீட்டி, ஹாலிஸின் பாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒனைடா தட்டோடு ஓரமாக நின்றபோதுதான் வெர்லீன் தன் மகள் ட்ரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தாள். வழக்கமாகக் கூடத்துக்குள் ராணி மாதிரி வருகிறவள், இன்றைக்குக் கதவருகே நின்று கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு வந்தாள், நேராக ஒனைடாவின் புட்டிங்கில் கரண்டியைப் போட்டாள், அங்கேயே நின்று ஒரு வாய் தின்றாள்.

"அடடா, இதை யாரு செஞ்சது? பிரமாதமா இருக்கே!"

ஒனைடாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை வருடமாக இந்தப் பாத்திரத்தின் பக்கம்கூடத் திரும்பாதவள், இன்றைக்கு யார் செய்தது என்று கேட்கிறாளாம். நடிப்பைப் பார், நடிப்பை!

ட்ரீனா ஒனைடாவைத் தேடி வந்தாள். "ஒனைடாம்மா, ஒரு உதவி. நீங்கதான் முதல்ல பேசப்போறீங்கன்னு கார்லண்ட் சொன்னாரு. எங்கம்மா முதல்ல பேசிடட்டுமா? சாயங்காலம் ஆக ஆக அவங்களுக்கு ஒண்ணும் பிடிபடறதில்ல. போன குளிர்காலத்துலேருந்து இப்படித்தான். என்னையே சில நாள் யாருன்னு கேக்குறாங்க. இந்த ஒரு கதையை மட்டும் இன்னும் தப்பில்லாம சொல்லுவாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்குறேன்."

ஒனைடா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன முகம். பரிதாபமாகத்தான் இருந்தது. அதே சமயம் வயிற்றெரிச்சலும் அடங்கவில்லை. மறந்துபோவதிலும் பார், தனக்கு வேண்டியதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லட்டும் போ. என்னைக்குத்தான் அவ முதல்ல இல்ல?"

வெர்லீன் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மைக்கைப் பிடித்தாள். பிடித்தவுடன் பழைய வெர்லீன் வந்துவிட்டாள். முதுகு நிமிர்ந்தது, குரல் கணீரென்று வந்தது. சந்தையைச் சொன்னாள், புயலைச் சொன்னாள், மேடைத் துணி பறந்து போனதைச் சொன்னாள், பசுக்கள் மிரண்டு கத்தியதைச் சொன்னாள். "அப்பத்தான் கொட்டகைக் கதவு திறந்தது. கதவு திறந்து..."

நின்றுவிட்டாள்.

"கதவு திறந்தது" என்றாள் மறுபடி. மைக்கைப் பார்த்தாள். ஏதோ அதற்குள் விழுந்துவிட்டது போல உற்றுப் பார்த்தாள். "திறந்து... யாரோ..."

கூடத்தில் எல்லாருக்கும் அடுத்த வரி மனப்பாடம், ஆனால் விதி என்றால் விதி. ட்ரீனா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

ஒனைடா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? இந்தக் கதை இங்கேயே முறிந்து விழட்டும், ட்ரீனா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும், அப்புறம் எழுந்துபோய் முழுக் கதையையும் சொல்லிவிடலாம். மறுத்துப் பேச ஆள் இருக்காது. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வெர்லீன் மறந்துவிட்டால் அந்த ராத்திரியை அறிந்தவர்கள் உலகத்தில் வேறு யார்? பசுக்களா வந்து சொல்லும்?

"தொப்பியிலேருந்து தண்ணி வழிஞ்சுது" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

எல்லாத் தலைகளும் திரும்பின. கார்லண்ட் விதியைச் சொல்லித் தடுக்கவில்லை.

"ஆமா!" என்றாள் வெர்லீன். "தொப்பி! தொப்பியிலேருந்து கொட கொடன்னு தண்ணி. ஹாலிஸ்! ஹாலிஸ்தான் வந்தாரு. வந்து... என்னமோ கேட்டாரே?"

"'பசுக்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா நானும் ஒதுங்கிக்கட்டுமா'ன்னு."

கூடம் சிரித்தது. இது புது வரி. வெர்லீன் இதைச் சொன்னதே இல்லை. வெர்லீனும் சிரித்தாள், சின்னப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு.

"அதைக் கேட்டுட்டு நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

நாங்க.

கார்லண்ட் தான் போட்ட விதியைத் தானே மீறினான். "நாங்கன்னா யாரு, வெர்லீனக்கா? நீங்க ஒருத்திதானே இருந்தீங்க?"

"இல்லப்பா, அவளும் இருந்தா. சட்டைக் கம்பெனியில எனக்கு அடுத்த மிஷின். நல்லாப் பாடுவா. பேரு... பாரேன், வாய் வரைக்கும் வருது."

ஒனைடா எழுந்துவிட்டாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "வெர்லீன், நான்தான். ஒனைடா. நான்தான் அது."

வெர்லீன் அவளை நன்றாகப் பார்த்தாள். கோபம் கிடையாது, கள்ளம் கிடையாது. அவ்வளவு இதமாகச் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

"இல்லம்மா. அவ சின்னப் பொண்ணு. நீங்க வயசானவங்க."

சிலர் சிரித்துவிட்டார்கள். பிறகு, சிரித்திருக்கக் கூடாது என்று பட்டு, தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒனைடாவுக்கு முகம் சுட்டது. இத்தனை பேர் முன்னால், இத்தனை வருடம் கழித்து, மறுபடியும் இல்லை என்று சொல்லிவிட்டாள். உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தாள்.

"அவ இங்கெல்லாம் வர மாட்டா" என்று வெர்லீன் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம்மேல கோவம் அவளுக்கு. கதையிலேருந்து அவளைத் தூக்கிட்டேன் இல்ல?"

"ஏன் தூக்கினீங்க?"

கேட்டது ஒனைடாதான். தையல் மிஷின்களுக்கு நடுவே நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்றைக்கு வராத வாய் இன்றைக்கு வந்துவிட்டது.

வெர்லீன் மைக்கை மடியில் இறக்கினாள், ஏதோ இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வதைப் போல. ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசி நாற்காலி வரை கேட்டது.

"அவர் அவளைப் பாத்துத்தாம்மா பாடினாரு. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். புதுப் பாவாடை கட்டிக்கிட்டு, உதட்டுச் சாயமெல்லாம் போட்டுக்கிட்டு. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பலயே! அவ கூடச் சேர்ந்து பாட ஆரம்பிச்சதும், மனுஷன் பாடறதை மெதுவாக்கிட்டு அவ குரலையே கேட்டுக்கிட்டிருந்தாரு. அப்படி ஒரு முகம். அந்த மாதிரி யாராவது என்னைப் பாத்திருந்தா..." அவள் தோளைக் குலுக்கினாள். "அந்தப் பைத்தியக்காரிக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. கண்ணை மூடிக்கிட்டுல்ல பாடினா!"

உண்மைதான். ஒனைடா எப்போதுமே கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். அன்றைக்கு அவள் கேட்டதெல்லாம் மழையையும் அவர் குரலையும்தான். திறந்து பார்த்தபோது அவர் கிட்டாரைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வெர்லீனுக்காகப் பாடினார், தானும் கூட இருந்தோம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். கூட இருந்த அந்த இடத்தைத்தான் திருப்பிக் கேட்க வந்தாள். அழக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தாள், முடியவில்லை.

கார்லண்ட் மைக்கை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, முன்வரிசைக்கு நடந்துபோய், வெர்லீனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெர்லீன் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். "அழாதீங்கம்மா. ஹாலிஸ் கதைன்னாலே இப்படித்தான்." பிறகு கிட்டத்தில் குனிந்தாள். "அவளை எங்கயாவது பாத்தீங்கன்னா இதைச் சொல்லிடறீங்களா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். இப்பல்லாம் மறந்து மறந்து போகுது."

"சொல்லியாச்சு வெர்லீன். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்படியா?" வெர்லீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கோவமா இருக்காளா?"

ஒனைடா மூக்கைச் சிந்தினாள்.

"கொஞ்ச நேரம் முந்தி வரைக்கும் இருந்தா" என்றாள்.