தண்ணீர்மேல் தத்திப் போன ஈயம்

சூசையம்மாளின் வலது தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்கினால் எலும்புக்குள் கடப்பாரையை விட்டு நெம்புவதுபோல் வலித்தது. பதினாறு வருஷம் ஒரகடம் கல்குவாரியில் ஜல்லிக்கூடை சுமந்ததற்குக் கிடைத்தது அதுதான். கூடையைத் தலைக்கு ஏற்ற முடியாதவளுக்கு இங்கே வேலையில்லை என்று மேஸ்திரி சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. உட்கார்ந்து தின்ன வழியும் இல்லை.

அந்த வருஷம் சேரப்பணஞ்சேரி ஏரியைக் கோதண்டராமன் மீன் குத்தகைக்கு எடுத்திருந்தார். திங்கட்கிழமை லாரியில் கெண்டைக்குஞ்சு வர இருந்தது. ஆனால் ஏரியின் கிழக்கு மூலையில் கருவேல மரங்கள் தண்ணீர்மேல் கவிழ்ந்து கிடந்தன. அந்த நிழலில் பெரிய விரால்கள் குடியிருந்தன. விடுகிற குஞ்சையெல்லாம் தின்று தீர்த்துவிடும். வலை போட்டால் முள் கிழித்தது. தூண்டில்காரர்கள் தவளையைக் குத்தித் தலைக்குமேல் சுழற்றி வீசினார்கள். தவளைகள் கிளையில் தொங்கின.

“அந்த வெராலுங்கள எவன் வெளிய எடுக்கிறானோ, அவனுக்குத்தான் ஏரி காவல் வேல” என்று கோதண்டராமன் டீக்கடையில் சொல்லிவிட்டார்.

மறுநாள் சூசையம்மாள் அவர் எதிரில் போய் நின்றாள். “எவன்னு சொன்னீங்களாமே மொதலாளி. எவ வந்தா குடுக்க மாட்டீங்களா?”

“கூடையே தூக்க முடியலன்னு வூட்ல குந்திகினுகீற. நீ வெரால இன்னாத்த தூக்குவ?”

“குடுப்பீங்களா மாட்டீங்களா, அத்த சொல்லுங்க.”

“ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு எடுத்துப் போடு. வேல உன்னுது.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தலைக்குமேல் வீச அவளால் முடியாது. இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும். பிள்ளைகள் ஓட்டுச்சில்லைத் தண்ணீரில் தத்தவிடுவார்களே, அந்த மாதிரி. கிளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் சந்து இருந்தது. தத்தித் தத்திப் போனால் அதற்குள் நுழைந்துவிடும். ஆனால் தவளை முதல் தத்திலேயே கொக்கியை விட்டுக் கிழிந்து போயிற்று. லேசான இரை பாதி வழியில் நின்றது. கனமாக வேண்டும், பருமனாகவும் வேண்டும்.

பழைய பேட்டரி ஈயத்தை உருக்கிக் கொக்கியின் தலையில் குண்டாக ஊற்றினாள். அது குளத்தில் கல் போட்டதுபோல் முழுகியது. குவாரிச் சுத்தியலால் அதைச் செருப்பின் அடிப்பாகம் போலத் தட்டையாக்கினாள். லாரி டியூப்பைக் கீற்றுக்கீற்றாக அறுத்து, ஒரு கைப்பிடி பருமனுக்குப் பின்னால் கட்டினாள். கிளையில் மாட்டாதபடி கொக்கியின் முனையை ரப்பருக்குள் மறைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா இது? மீனுக்குத் தொடப்பமா போடப்போற?”

“ஆமாண்டி. அதுங்க வூட்ட அதுங்களே பெருக்கிக்கட்டும்.”

மூன்று நாள் ஏரிக்கரையிலேயே கிடந்தாள். தூண்டில் நரம்பைச் சாக்கின்மேல் சுருள் சுருளாகப் பரப்பி, கடைசி நுனியைக் கரையில் முளையடித்துக் கட்டி, பக்கவாட்டில் வீசினாள். ஈயம் மூக்கைக் குத்திக்கொண்டு முழுகிக்கொண்டே இருந்தது. குவாரிப் பழக்கம். எதைச் செய்தாலும் உடம்பு மொத்தமும் சேர்ந்து இறங்கியது. சனிக்கிழமை மத்தியானம் அலுத்துப்போய், பலமில்லாமல் மணிக்கட்டை மட்டும் சுண்டி விட்டாள். ஐந்து தத்து தத்திப் போயிற்று. ஓ, இவ்வளவுதானா என்று அதற்கப்புறம் பலத்தை வீட்டில் வைத்துவிட்டு வீசினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது கரையில் கூட்டம் நின்றது. முதல் வீச்சு வேரில் மோதித் திரும்பியது. “மாதாவ வேண்டிகினு போடு” என்றான் ஒருத்தன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வீச்சு கிளைக்கடியில் தத்தித் தத்தி நிழலுக்குள் மறைந்தது. தண்ணீர் பானை கவிழ்த்ததுபோல் குமிழ்ந்தது. இடது கையில் நரம்பைச் சுற்றி, பின்னால் நடந்தே இழுத்தாள். முழங்கை நீள விரால் கரையில் விழுந்து துள்ளியது.

இரண்டாவது விரால் பொழுது இறங்குகிற நேரத்தில்தான் கடித்தது. கடித்ததும் வேரைச் சுற்றிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்ததில் வலது தோள் விட்டுப்போய் அவள் மண்டியிட்டாள். நரம்பை மட்டும் விடவில்லை. அப்போது பாஞ்சாலி புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தாள். கழுத்தளவு நீரில் தடவிப் போய் நரம்பை விடுவித்தாள். மீன் கரைக்கு வந்தது. பின்னாலேயே பாஞ்சாலி நொண்டிக்கொண்டு ஏறினாள். கருவேல முள் குதிகாலில் ஒரு விரல் நீளம் இறங்கியிருந்தது.

“இது செல்லாது. அவ எறங்கினதாலதான் வந்துச்சி” என்றார் கோதண்டராமன்.

சூசையம்மாள் எழுந்தாள். “பொழுது இன்னும் சாயல மொதலாளி.” தோளை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாருமே வாய்க்குள் எண்ணினார்கள். மூன்றாவது விரால்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதைத் தூக்கி அவர் செருப்புக்கு முன்னால் போட்டாள்.

“இத்த எண்ணிக்கோங்க.”

திங்கட்கிழமை விசிலும் தடியும் அவள் கைக்கு வந்தன. கெண்டைக்குஞ்சு இறக்குகிற லாரிக்காரன் காவல்காரன் எங்கே என்று கேட்டான். “நான்தான்” என்றாள். அந்தக் கரையில் அவள் நடக்கும்போது தூண்டில்காரர்கள் வழியை விட்டு விலகினார்கள்.

பாஞ்சாலியின் குதிகால் சீழ் வைத்து, நடவு மும்முரத்தில் நான்கு நாள் கூலியை விட்டு அவள் படுத்துக் கிடந்தாள். அந்த நான்கு நாளை அவளுக்காக வயலில் இறங்கித் தீர்க்கிறேன் என்று சூசையம்மாள் சொல்லியிருந்தாள். காவலுக்கு லீவு கிடையாது. அதற்கப்புறம் இரண்டு நடவு வந்து போய்விட்டது. பாஞ்சாலிக்கு அந்த நான்கு நாள் வேலை இன்னும் பாக்கி.