பாடைக்கு நாலு பேர்

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தபோது வாசலில் இருந்தவர்கள்: குடும்பத்தில் மூத்தவரான சென்னிமலை, இறந்துபோன தம்பி ஆறுமுகசாமியின் மனைவி கருப்பாத்தாள், மகன் நல்லமுத்து, பங்காளி ஈஸ்வரமூர்த்தி, அவரோடு வந்த பங்காளிகள். பிச்சைமணியும் மற்ற பழைய குத்தகைக்காரர்களும் வேலிக்கு வெளியே நின்றார்கள். அவர்களை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

ஆறுமுகசாமி வேலந்தாவளம் பக்கத்திலிருந்து இரண்டு முறை கேரளச் சட்டசபைக்குப் போனவர். ஆஸ்பத்திரிக்காகப் பேசினார். தண்ணீர் வரியை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. நிலச்சட்டம் ஓட்டுக்கு வந்த அன்று அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் இன்னமும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தால் குடும்பத்தின் கிழக்கு வயல் முழுவதும் குத்தகைக்காரர்கள் பெயருக்குப் பட்டா ஆனது.

ஓட்டு நேரத்தில் அவர் வெளியே டீக்கடைக்குப் போய்விட்டார் என்பது பங்காளிகள் சொல்லும் கதை. குடும்பத்துக்கு அது வசதியாக இருந்தது. சென்னிமலை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை வெளியில் பேசுகிறவர் அல்ல அவர். அன்றிலிருந்து தம்பியோடும் பேசவில்லை.

பாடை தூக்க நாலு பேரைச் சொல்ல வேண்டியவர் மூத்தவர்தான். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

வேலிக்கு அப்பாலிருந்து பிச்சைமணி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார். "பெரிய பண்ணாடிங்க, நாங்களும் ஒரு தோள் குடுக்கறமுங்க. எங்களுக்கோசரம் ஓட்டுப் போட்ட மகராசனுங்க."

ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். "ஏப்பா, எழவு வீட்டு வாசல்ல வந்து பொய் பேசறே? அவன் சட்டசபைக்குள்ளயே இல்லை. டீக்கடைல உக்காந்திருந்தான். சொந்த வயலைத் தூக்கிக் குடுக்க அவனென்ன கிறுக்கனா?"

பங்காளிகளும் சிரித்தார்கள். பிச்சைமணி தலையைக் குனிந்துகொண்டார்.

கருப்பாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டுச் சென்னிமலையை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு யாருகிட்டயும் வாயைத் தொறக்கலீங்க மாமா. 'பார்த்தது அண்ணன்தான், அவரே சொல்லட்டும்'னு இருந்துட்டாருங்க."

சென்னிமலை கைத்தடியை அழுத்தி ஊன்றினார். ஓட்டு நடந்த அன்று அவர் தம்பியைத் தடுக்கத்தான் திருவனந்தபுரம் போயிருந்தார். மாடியில் பார்வையாளர் வரிசையில் இடம் கிடைத்தது. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று சொன்னதும் ஆறுமுகசாமி ஒருமுறை மேலே பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பிறகு எழுந்தார். கைத்தடியை ஊன்றி நிற்கும் அண்ணனைப் போலவே விறைப்பாக நின்றார்.

"முன்னால ஈஸ்வரமூர்த்தியும் பிச்சைமணியும். பின்னால பங்காளிக ரண்டு பேரு" என்றார் சென்னிமலை.

ஈஸ்வரமூர்த்தியின் முகம் சுருங்கியது. "அவனோட சோடி போட்டு நான் தோள் குடுக்கணுமா? இது நம்ம வம்சத்துக்கே கேவலமுங்க, அண்ணா."

"அப்ப நீ நகந்துக்க. அவங்கள்ல இன்னொருத்தன் வரட்டும்."

ஈஸ்வரமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். இரண்டு பங்காளிகள் அவர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். பிச்சைமணியும் இன்னொரு குத்தகைக்காரரும் வேலியைத் தாண்டி உள்ளே வந்து, முன்பக்கத்து மூங்கிலின் கீழ் தோளைக் கொடுத்தார்கள். நல்லமுத்து தீச்சட்டியை எடுத்தான்.

வாய்க்கால் வரப்பில் போகும்போது ஒரு பங்காளி மெதுவாகக் கேட்டார். "அப்பறம் அந்த டீக்கடைக் கதை எப்படீங்க வந்துச்சு?"

சென்னிமலை நடையை நிறுத்தவில்லை.

"எந்தம்பி டீ குடிக்கமாட்டான்."