முன்னிலை நிலவரம்

தண்டவாளத்துக்குக் கிழக்கே இருந்தவர்கள் எப்போதும் ஜெயிக்கிற கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தார்ச்சாலை எல்லாம் அவர்களுக்கு. மேற்கே இருந்தவர்கள் தோற்கிற கட்சியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கு மிஞ்சியது சேறும் ரோஷமும்தான். அந்த ரோஷத்துக்கு ஊதுகுழல் 'மைக்' மாமா. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர்.

இந்த முறை ஆளுங்கட்சிக்கு என்ன புத்தி வந்ததோ, மேற்கேயும் சின்னதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டியது. கையோடு தன் கொடியின் நிறத்தையே சுவருக்கும் அடித்துவிட்டது. நம் ஆட்கள் யாரும் அந்தப் படி ஏறக் கூடாது என்று மாமா தெருத்தெருவாக முழங்கினார். வீட்டிலோ அவருடைய பேத்தி இளைத்துக்கொண்டே வந்தாள். மருமகள் கெஞ்சிப் பார்த்தாள். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் மதியம் சாப்பிட வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. விறுவிறுவென்று புது ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே அவர் கட்சியின் மகளிரணி மொத்தமும் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தது. பேத்தியை எடை மெஷினில் வைத்துப் பிடித்திருந்தவள் அவருடைய மனைவி.

"ஓட்டு உங்க கட்சிக்குத்தான், அதுல மாத்தமில்ல. புள்ளைய எங்க காட்டணும்னு நாங்க பாத்துக்குறோம்" என்றாள்.

இரு பக்கத்துக் குழந்தைகளின் எடையையும் புள்ளி வைத்துக் குறித்திருந்த வரைபடத்தை நர்ஸ் சுவரில் காட்டினாள். கிழக்குக் குழந்தைகள் பெரும்பாலும் இருக்க வேண்டிய எடையைக் காட்டும் கோட்டுக்கு மேலே, மேற்குக் குழந்தைகள் கீழே. பேத்தியின் புள்ளி எல்லாவற்றுக்கும் அடியில். மாமாவுக்கு அழுகை முட்டியது. அதன் பின்னாலேயே ரோஷமும் பொத்துக்கொண்டு வந்தது. இதிலுமா தோற்பது?

மறுநாளே ஆட்டோ பல்லவியை மாற்றியது. சத்துமாவு வாங்கிப் போகச் சொன்னது, தடுப்பூசிக்கு ஆள் திரட்டியது. எடை போடும் நாட்களில் மாமா வாசலில் நின்று, ஓட்டு எண்ணுகிற தோரணையிலேயே அறிவித்தார். தையல்காரர் மகன் முன்னிலை, தச்சர் வீட்டு இரட்டையர் இழுபறி. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பேத்தி கோட்டைத் தாண்டிய அன்று மட்டும் அவருக்குக் குரல் எழவில்லை. மனைவிதான் மைக்கை வாங்கிச் சொன்னாள்.

சேதி மேலிடத்துக்குப் போய்விட்டது. எதிரி கட்டிய கட்டடத்துக்கு நீ விளம்பரம் செய்கிறாயா என்று மாவட்டச் செயலாளர் போனில் காய்ச்சி எடுத்தார். மடியிலிருந்த பேத்தி மாமாவின் மீசையைப் பிடித்து இழுத்தாள். நன்றாகவே வலித்தது, மாமாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே, நம்ம புள்ளைங்க பொழச்சு வளந்தாத்தானே நமக்கு ஓட்டுப் போட ஆளு இருக்கும்?" என்றார்.

எதிர்முனையில் செயலாளர் குரலைத் தாழ்த்தி, அங்கே டாக்டர் என்றைக்கு வருவார், தன் தங்கை குழந்தையையும் கூட்டி வரலாமா என்று கேட்டார்.