மாதாவின் காலடிப் புறா

எங்கள் துணை மாதா கோயிலில் கூரை, மணி, உண்டியல், மைக் செட் எல்லாம் பங்குப் பேரவை ஆண்கள் வசம். மாதா மட்டும் பெண்கள் வசம். திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் பீடத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டு, ஐவி ஆன்ட்டி ஏணியில் ஏறி மாதாவுக்குப் புதுப் புடவை கட்டுவார். நான் கீழே நின்று ஊசி எடுத்துக் கொடுப்பேன். மாதாவின் உடம்போடு சேர்த்துத் தைத்த உள்துணி ஒன்று உண்டு. அதை யாரும் அவிழ்த்ததே இல்லை. அவிழ்க்கலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றியதில்லை.

திரை விலகிய பிறகு ரொனால்ட் அண்ணன் வருவார். முகம், கை, காலடியில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் புறா, இந்த மூன்றுக்கும் எனாமல் அடிப்பது அவர் குடும்பத்து உரிமை. புடவையில் சொட்டு விழுந்தால் ஐவி ஆன்ட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். மாதாவின் புருவம் வருஷத்துக்கு ஒரு தினுசாக இருக்கும். போன வருஷம் என்னைப் பார்த்து முறைப்பது போலவே வரைந்து வைத்திருந்தார்.

முறைத்தாலும் அவள்தான் எனக்கு எல்லாம். இரண்டு முறை எனக்குக் கரு தங்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்கள். பாடம் எடுக்க ஸ்கூலுக்குப் போகிற வழியில் இந்தச் சந்தில் இறங்கி, ஆளில்லாத கோயிலில் மாதாவிடம்தான் கொட்டித் தீர்ப்பேன். ரத்தம், வலி, நாத்தனார் வளைகாப்பில் எனக்கு வந்த பொறாமை, என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் தொட்டாலே எரிச்சலாக வந்த அந்த மாதங்கள். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஃபாதர் வில்லியமிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? அவர் ஆம்பளை. மாதா பெண், பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவளுக்குப் புரியும். இப்போது எனக்கு ஆறாம் மாதம். இந்தத் தடவை அவள் பார்த்துக்கொள்வாள் என்ற ஒரே தைரியத்தில் நடமாடிக்கொண்டிருந்தேன். வேண்டுதல் புடவை, இளநீலப் பட்டு, பீரோவில் தயாராக இருந்தது.

இந்த வருஷம் கோயிலுக்குப் பழுதுபார்ப்பு. போர்ச்சுக்கீசியர் காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் எந்தப் புண்ணியவானோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து வைக்க, சுவர் உள்ளுக்குள்ளேயே வியர்த்து உப்பிப் போயிருந்தது. பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற ஷ்ரேயா என்ற பெண்ணை ஃபாதர் கூட்டி வந்தார். மயிலாப்பூர்க்காரி, பீடத்தைப் பார்த்தாலே குரல் தாழ்ந்துவிடும். பீடத்துச் சுவரைச் சுரண்ட வேண்டும், சிலையை இறக்கியாக வேண்டும் என்றாள். ஐவி ஆன்ட்டி முகம் அப்போதே சரியில்லை. மாதாவைப் பிரியும் வருத்தம் என்று நினைத்தேன்.

பூசைச் சாமான்கள் வைக்கும் சக்ரீஸ்து அறை மேசைமேல் மாதாவை நிற்க வைத்தார்கள். ஃபாதர், ரொனால்ட் அண்ணன், ஐவி ஆன்ட்டி, நான். ஷ்ரேயா ஏதோ மருந்தில் பஞ்சை நனைத்து முதலில் புறாவைத் துடைத்தாள். வெள்ளை உரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை. அதற்கும் கீழே பழுப்பு. உருண்டையாக இருந்த மூக்கு மெல்லமெல்ல வளைந்து கூர்மையானது. நகங்கள் வந்தன.

"புறாவுக்கு மூக்கு இப்படி வளையாதே," என்றாள் ஷ்ரேயா.

"எங்க நைனா புறான்னுதாம்மா சொன்னாரு," என்றார் ரொனால்ட் அண்ணன்.

அவள் ஃபாதரைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் உள்துணியின் தையலைக் கத்தரித்தாள். எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பச்சை அங்கி. அதன்மேல் சிவப்புப் போர்வை. இத்தனை வருஷமும் மாதாவின் இடுப்பு என்று நாங்கள் கொசுவத்தைச் செருகிய இடத்தில், கையோடு சேர்த்துச் செதுக்கிய ஒரு தடித்த புத்தகம்.

ஷ்ரேயா கழுத்துப் பூச்சையும் துடைத்தாள். பிறகு பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஃபாதர், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இது மாதா இல்ல. ஆண் சிலை. காலடியில கழுகு, கையில புத்தகம், தாடி இல்லாத முகம். இது இயேசுவோட சீடர் யோவான்."

ஃபாதர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். ரொனால்ட் அண்ணன் சிலுவை போட ஆரம்பித்து, யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்தினார்.

ஷ்ரேயா எங்களைப் பீடத்துக்கு முன்னால் கூட்டிப்போனாள். நடுவில் சிலுவை. வலப்பக்கம், சிலையை இறக்கிய வெற்று மாடம். இடப்பக்கம் வழவழவென்று வெறும் சுவர். "இந்த மாதிரிப் பீடத்துல சிலுவைக்கு ஒரு பக்கம் அம்மா நிப்பாங்க, இன்னொரு பக்கம் யோவான்," என்று சொல்லி இடப்பக்கச் சுவரைத் தட்டினாள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டது. வேலையாட்கள் கொத்தினார்கள். பூச்சு விழுந்தது, செங்கல் இரண்டு விழுந்தன, ஆள் உயரத்துக்கு ஒரு மாடம் வாயைத் திறந்தது.

நான் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே தூசியும், சிலையைக் கட்டி வைக்கிற ஓர் இரும்பு வளையமும் மட்டும் இருந்தன. மாதா எந்தக் காலத்தில் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நான் பேசியதெல்லாம் யாரிடம்? இந்தப் பிள்ளையை இத்தனை நாளும் யார் பொறுப்பில் விட்டு வைத்திருந்தேன்?

திரும்பினால், ஐவி ஆன்ட்டி முகத்தில் மட்டும் அதிர்ச்சியே இல்லை.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"தெரியும்டி. மொத தடவ செயின் போடறப்பவே கழுத்துல ஆம்பளயாட்டம் குரல்வளை கைல தட்டுச்சு. எறங்கி வந்து என் மாமியாராண்ட சொன்னேன். 'வாய மூடிக்கினு கட்டு'ன்னாங்க. அவங்களுக்கும் தெரிஞ்சுதான் கீது. ஏணி ஏறுனவ எல்லாருக்கும் தெரியும். அடுத்தது நீதான் ஏறணும், அப்ப தானா தெரியட்டும்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஒரு ஆம்பளகிட்டப் போயி நான் என்னென்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி? என் மானமே போச்சு. என் புள்ளைக்கு இப்ப யாரு இருக்கா?"

ஆன்ட்டி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நானும் சொல்லிக்கீறேன். நீ சொன்னத விட மோசமானது. மொதல்ல எனக்கும் இப்டித்தான் எரிஞ்சுது. அப்புறம் யோசிச்சேன். சிலுவைல தொங்கறப்ப இயேசு இந்தப் பையனாண்டதான சொன்னாரு, எங்கம்மாவ நீ பாத்துக்கோன்னு? அவங்கள வூட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுப் பாத்துக்கினவன். அம்மாவுக்கு வந்த சேதிய அம்மாவாண்ட சொல்லாமலா இருப்பான்?"

ரொனால்ட் அண்ணன் குறுக்கே வந்தார். "கொடியேத்தம் வருது ஃபாதர். ரெண்டு கோட்டு அடிச்சு, புடவ கட்டி, பழையபடி ஏத்திடலாம். வெளிய சொன்னா ஜனங்க நம்மள இன்னா நெனப்பாங்க?"

ஃபாதர் ஐவி ஆன்ட்டியைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க ஃபாதர்," என்றார் ஆன்ட்டி. "மறச்சு மறச்சு எனக்கு அலுத்துப்போச்சு."

ஞாயிறு பூசையில் சொல்லிவிடுவது என்று முடிவானது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் இளநீலப் பட்டை எடுத்துப் போனேன். முதல்முறையாகத் திரை இழுக்காமல், ஆன்ட்டி அதைக் கொசுவி புதிதாகத் திறந்த அந்த மாடத்து வளையத்தில் தொங்கவிட்டார். "எடம் அவங்களுது," என்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பிறகு நான் மட்டும் சக்ரீஸ்துக்குப் போனேன். ரொனால்ட் அண்ணன் வரைந்த புருவம் போய், மரத்தில் செதுக்கிய முகம் வந்திருந்தது. என்னைவிட எவ்வளவோ சின்னவன். கண் இமை தடித்து, அழுது ஓய்ந்த முகம். பக்கத்தில் நிற்பவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் நிற்கிற பையன். சுற்றுமுற்றும் பார்த்தேன், யாருமில்லை. காதருகே குனிந்தேன்.

"தம்பி, நான் சொன்னதெல்லாம் அம்மாகிட்ட மட்டும் சொல்லு. வேற யார்கிட்டயும் சொல்லிடாத."